ஓவர்லாக் வாங்குமுன் நூலை அறுத்துப் பாருங்கள்

கடையில் எடுத்த குர்தி ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையல், தோள், கை வளைவு என்று எங்கும் பிசிறு நீட்டிக்கொண்டிருக்காது. ஓரம் சீராக வெட்டப்பட்டு, அதைச் சுற்றி நூல் பின்னி ஓடியிருக்கும். அதே துணியில் வீட்டில் தைத்ததை நாலு தடவை துவைத்துவிட்டுத் திருப்பினால் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து நிற்கும். ஓரளவு நன்றாகத் தைக்கப் பழகியவர்களுக்கு ஓவர்லாக் மெஷின் மேல் ஆசை வருவது இந்த இடத்தில்தான். நியாயமான ஆசைதான்.

கடைக்குப் போனதும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை தையல், எத்தனை வகைத் தையல், கூட என்ன இலவசம் என்று. தையல் வகுப்பு எடுக்கிறவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி பத்து மணிக்கு, பாதித் தையலில் நூல் அறுந்தால், யாரையும் கூப்பிடாமல் நீங்களே கோர்த்துவிடுவீர்களா? துணி போர்த்தி மூலையில் ஒதுக்கப்பட்ட ஓவர்லாக் மெஷின்களில் முக்கால்வாசி பழுதானவை அல்ல. நூல் அறுந்தவை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. உங்களுக்கு இந்த மெஷின் வேண்டுமா? 'ஓவர்லாக், பிக்கோ, ஃபால்ஸ்' என்று போர்டு மாட்டிய கடை இல்லாத கடைத்தெரு அபூர்வம். சொந்தத்துக்கு மாதம் இரண்டு ஜாக்கெட் தைப்பவர் அங்கே கொடுத்து வாங்குவதே சிக்கனம். வீட்டு மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் அதற்கு ஓவர்காஸ்ட் ஃபுட் என்று ஒரு பாதம் கிடைக்கிறது. துணி ஓரம் சுருண்டுகொள்ளாமல் ஜிக்ஜாக் ஓட அது உதவும். ரூபியா, காட்டன், லைனிங் துணிக்கெல்லாம் அது போதும். நைட்டி, சுடிதார், குழந்தை ஃபிராக் என்று ஆர்டர் எடுத்துத் தைப்பவர், பனியன் துணி தைக்க நினைப்பவர், ஓவர்லாக் கடைக்கு நடந்தே பாதி நாளைத் தொலைப்பவர் – இவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கினாலும் அது இரண்டாவது மெஷின்தான். இதில் பாபின் கிடையாது, பின்தையல் கிடையாது, ஜிப் வைக்க முடியாது, காஜா எடுக்க முடியாது, துணியின் நடுவில் தைக்க முடியாது. ஓரத்தில் மட்டும் ஓடும். ஓடும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டும் போகும். பழைய மெஷினைக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் ஓவர்லாக் எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்தக் கணக்கைக் கைவிடலாம்.

அந்த வெட்டுக்கத்தியைப் பற்றி ஜாக்கெட் தைப்பவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஜாக்கெட்டில் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு இஞ்சோ ஒன்றரை இஞ்சோ துணி விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போட்டு வைப்போம். உடம்பு பூசினால் ஒரு வரியைப் பிரித்துவிட வேண்டுமே. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கற்பவர்கள் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, தையலை ஒட்டியே ஓவர்லாக் ஓட்டிவிடுகிறார்கள். விட்ட துணி முழுக்கக் கத்திக்குப் போய்விடும். அடுத்த வருஷம் அந்த ஜாக்கெட் யாருக்கும் ஆகாது. முன்பாகம், பின்பாகம், கை என்று ஒவ்வொரு பாகத்தின் ஓரத்தையும் முதலில் தனித்தனியாக ஓவர்லாக் அடித்துக்கொள்ளுங்கள். பிசிறை மட்டும் நறுக்கும் அளவுக்குத் துணி கத்தியைத் தொட்டால் போதும். அதன்பிறகு சாதா மெஷினில் சேர்த்துத் தையுங்கள். கத்தியை மடக்கி வைக்கும் வசதி வீட்டு மெஷின்கள் பலவற்றில் உண்டு. வாங்கும்போது அதை எப்படி மடக்குவது என்று கேட்டு, நீங்களே ஒருமுறை மடக்கிப் பாருங்கள்.

இனி மெஷின். நம் கடைகளில் மூன்று ரகம் கண்ணில் படும். முதலாவது சின்ன இரும்பு ஓவர்லாக். ஒரு ஊசி, மூன்று நூல், வெளியே மாட்டிய மோட்டார், சாதா ஸ்டாண்டிலேயே உட்காரும். விலை குறைவு, உழைப்பு அதிகம், எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த மெஷின். ஆனால் சத்தம் போடும், அடிக்கடி கையால் எண்ணெய் விட வேண்டும், பனியன் துணியை இழுத்துவிடும். நெய்த துணிக்கு ஓரம் அடிப்பதைத் தவிர வேறு தேவை இல்லை என்பவருக்கு இதுவே போதும். இரண்டாவது, பிளாஸ்டிக் உடம்போடு மேசை மேல் வைக்கும் வீட்டு ஓவர்லாக். பிரதர், சிங்கர், ஜுகி, ஜானோம் எல்லாம் இந்த ரகத்தைச் செய்கிறார்கள். இரண்டு ஊசி, நாலு நூல். மூன்றாவது, திருப்பூர்க்காரர்கள் பவர் டேபிள் என்று சொல்லும் கம்பெனி மெஷின். வீட்டு மெஷின் நிமிடத்துக்கு 1300 தையலைச் சுற்றி ஓடினால் இது 5000-த்தைத் தாண்டும். மூடும் கம்பெனிகளிலிருந்து செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசை காட்டுவார்கள். தினமும் பல உருப்படி தைக்கிறவருக்கு அது சரி. அப்போதும் பழைய கிளட்ச் மோட்டாரைத் தவிர்த்து, வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடிய சர்வோ மோட்டாராகப் பாருங்கள். கிளட்ச் மோட்டார் தைக்காமல் நிற்கும்போதும் உறுமிக்கொண்டே மின்சாரம் தின்னும். முதல்முறையாக ஓவர்லாக்கைத் தொடுகிறவர் காலை வைத்ததும் அரை மீட்டர் துணி கத்திக்குள் போய்விட்டால் பயந்துவிடுவார். புதிதாகக் கற்பவருக்கு என் ஓட்டு வீட்டு ஓவர்லாக்குக்குத்தான்.

வீட்டு மெஷினுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், மறுபடி நூலுக்குத்தான் வர வேண்டும்.

முன்மூடியைத் திறந்தால் உள்ளே வளைந்த இரண்டு உலோகக் கைகள் தெரியும். மேல் லூப்பர், கீழ் லூப்பர். கீழ் லூப்பர் இடப்பக்கத்திலிருந்து வந்து, துணிக்கு அடியில் ஊசி நூலின் வளையத்துக்குள் நுழைந்து தன் நூலைக் கொண்டுபோகும். அந்த நூலை மேல் லூப்பர் வாங்கிக்கொண்டு, தன் நூலோடு துணியின் ஓரத்தைச் சுற்றி மேலே ஏறும். மேலே வந்ததை ஊசி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இப்படிக் கை மாற்றிக் கை மாற்றித்தான் ஓரத்தில் அந்தப் பின்னல் விழுகிறது. அதனால் கோர்க்கும் வரிசை தப்பக் கூடாது. பெரும்பாலான மெஷின்களில் முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியில் ஊசிகள். ஊசியில் நூல் இருக்கும்போது கீழ் லூப்பரில் மட்டும் நூல் அறுந்தது என்று அதை மட்டும் கோர்த்துவிட்டு ஓட்டினால், நாலு தையலில் மறுபடி அறும். ஊசி நூல் லூப்பரில் மாட்டிக்கொண்டு இருப்பதுதான் காரணம். முதலில் ஊசி நூல்களை உருவிவிட வேண்டும், லூப்பரைக் கோர்க்க வேண்டும், பிறகு ஊசிக்கு வர வேண்டும். 'இந்த மெஷினில் நூல் நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு விஷயம் சொன்னாலே மெஷின் சரியாகிவிடும்.

கீழ் லூப்பரில்தான் சங்கடம். நூல் போகும் கடைசி இரண்டு கொக்கிகள் இடது மூலையில், விரல் எட்டாத இடத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு விதம். சிலவற்றில் ஒரு நெம்புகோலைத் தட்டினால் லூப்பரின் வால் வெளியே வந்து நூலை வாங்கிக்கொள்ளும். சிலவற்றில் கிடுக்கி விட்டுத் துழாவ வேண்டும். நூல் பாதையில் வண்ணப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். நாலு நூலுக்கு நாலு வண்ணம். புள்ளிகள் பெரிதாக, நேராகப் பார்க்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு உள்ளே விளக்கு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். ஊசியை மட்டும் காட்டி, லூப்பரை இருட்டில் விட்டுவிடும் மாடல்கள் உண்டு.

ஆகவே கடையில் செய்ய வேண்டியது இது. விற்பவர் கைவேகத்தில் கோர்த்துக் காட்டுவார். பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். முடித்ததும் கத்தரியை எடுத்து நாலு நூலையும் அறுத்து, முழுக்க உருவிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நீங்களே கோருங்கள். பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், அவரைக் கேட்கலாம், அதில் தவறில்லை. இரண்டாவது தடவை கேட்காமல் கோருங்கள். கால் மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. அதற்கு இடம் கொடுக்காத கடையில் வாங்க வேண்டாம். பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டோம், வீட்டுக்கு வந்து டெமோ தருவோம் என்றால், டெமோ முடிந்து பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

காற்றழுத்தத்தால் லூப்பருக்குள் நூலை ஊதி அனுப்பும் மெஷின்களும் உண்டு. ஜப்பானிய பேபி லாக் இதற்குப் பெயர் பெற்றது. பொத்தானை அழுத்தினால் நூல் குழாய்க்குள் சென்று மறுமுனையில் எட்டிப் பார்க்கும். அருமையான ஏற்பாடுதான், விலையும் பல மடங்கு. ஊரில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் இறங்க வேண்டாம். சாதா மெஷினிலேயே தினசரிச் சிரமத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. நூல் நிறம் மாற்றும்போது முழுக்க உருவாமல், கோன் பக்கத்தில் அறுத்து, புது நூலைப் பழைய நூலோடு இறுக முடிச்சுப் போட்டு, டென்ஷனைச் சைபருக்கு இறக்கி, மெதுவாக ஓட்டினால் முடிச்சு லூப்பர் வழியாக வந்துவிடும். ஊசிக் காதுக்குள் மட்டும் அது நுழையாது. அங்கே முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோர்க்க வேண்டும். முடிந்ததும் டென்ஷனைப் பழைய எண்ணுக்கு ஏற்ற மறக்காதீர்கள்.

நூலுக்கு அடுத்தபடியாக நான் விட்டுக்கொடுக்காதது டிஃபரன்ஷியல் ஃபீடு. பாதத்துக்கு அடியில் துணியைத் தள்ளும் பல் இதில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. இரண்டின் வேகத்தையும் தனித்தனியே மாற்றலாம் என்பதுதான் விஷயம். திருகு 1-இல் இருந்தால் இரண்டும் சமம். பனியன் துணியைத் தைக்கும்போது ஓரம் இழுபட்டு அப்பள விளிம்பு மாதிரி அலையலையாக வந்தால் 1.5 பக்கம் ஏற்றுங்கள். முன்பல் அதிகத் துணியைத் தள்ளித் தர, அலை அடங்கிவிடும். ஷிஃபான், ஜார்ஜெட் மாதிரி மெல்லிய துணி சுருங்கிக்கொண்டு வந்தால் 1-க்குக் கீழே இறக்குங்கள். 0.7-இலிருந்து 2 வரை போகும் மெஷினாக இருக்கட்டும். 2-இல் வைத்தால் மெல்லிய துணி தானாகவே லேசாகச் சுருக்கம் பிடித்து வரும், குழந்தை ஃபிராக்கின் ஃபிரில்லுக்கு உபயோகம். இந்த வசதி இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் பனியன் துணி தைக்க ஆசைப்படுகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நாலு நூலா, மூன்று நூலா? நாலு நூல் மெஷினில் ஒரு ஊசியைக் கழற்றினால் மூன்று நூலாகிவிடும். மூன்று நூல் மெஷினை நாலாக்க முடியாது. இடது ஊசியை வைத்தால் அகலமான ஓரம், வலது ஊசியை வைத்தால் ஒடுக்கமானது. நெய்த துணிக்கு முதலில் சாதா மெஷினில் நேர்த்தையல், பிறகு மூன்று நூல் ஓவர்லாக் என்பதே நம் வழக்கம், அதில் மாற்றம் வேண்டாம். பனியன் துணியில் நாலு நூலிலேயே நேராகச் சேர்த்துவிடலாம். ஒரு ஊசி நூல் விட்டுப்போனாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

ரோல்டு ஹெம் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா ஓரம், ஷிஃபான் சேலை ஓரம் எல்லாம் மெல்லிய கயிறு போல உருண்டு வருமே, அது. பிக்கோ கடைக்குப் போகும் வேலை பெரும்பாலும் மிச்சம். பின்னலைத் தாங்கும் நாக்கு போன்ற சின்ன உலோகத் துண்டை விலக்கினால்தான் ஓரம் உருளும். சில மாடல்களில் ஒரு பட்டனைத் தள்ளினால் அது விலகும். சிலவற்றில் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். கழற்றியதைத் தொலைப்பது சுலபம், ஊரில் தனியாகக் கிடைப்பது கஷ்டம். பட்டன் உள்ளதே நல்லது.

ஊசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நம் வீட்டுத் தையல் மெஷினில் போடும் ஹெச்ஏ×1 ஊசியையே ஏற்கும் ஓவர்லாக் என்றால் எந்தத் தையல் சாமான் கடையிலும் ஊசி கிடைக்கும். சில மாடல்கள் தனி ரக ஊசி கேட்கும். பவர் டேபிள் மெஷின்களுக்கு டிசி×27. எது என்று மெஷினிலோ புத்தகத்திலோ அச்சிட்டிருப்பார்கள். எண்ணும் முக்கியம். ஜீன்ஸ் தைக்கிறோமே என்று 16, 18 போட வேண்டாம். வீட்டு ஓவர்லாக்குகள் பெரும்பாலும் 11, 14-உடன் நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன. லூப்பர் ஊசியை உரசும் அளவு நெருக்கத்தில் போகிறது, தடித்த ஊசி அதில் இடித்துவிடும்.

ஐந்து நூல், கவர் ஸ்டிச் எல்லாம் ஒன்றிலேயே உண்டு என்று காட்டும் மெஷின்களைப் பார்த்து மயங்குபவர்கள் உண்டு. டி-சர்ட்டின் அடியில், வெளியே இரண்டு வரி நேர்த்தையலும் உள்ளே பின்னலுமாக இருக்கிறதே, அது ஓவர்லாக் இல்லை. திருப்பூரில் அதற்கு ஃபிளாட்லாக் என்று தனி மெஷினே வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றில் அடக்கிய மெஷினில் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஊசி, நூல், கத்தி எல்லாவற்றையும் மாற்றி அமைக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு இது வேண்டாத தலைவலி.

அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டுவருகிறாள், அங்கே விலை குறைவு என்பவர்கள் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட். நம் ஊர், இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் 230. அந்த மெஷினை இங்கே நேராகச் சொருகினால் மோட்டாரும் பெடலும் போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் வாரண்டி இங்கே செல்லுமா, உதிரிப்பாகம் யார் தருவார் என்ற கேள்விக்கு டிரான்ஸ்ஃபார்மரிடம் பதில் இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தால் பிளக் மட்டும்தான் வேறு.

கடைக்குப் போகும்போது ஒரு பையில் வெட்டுத் துணிகளை எடுத்துப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் மொடமொட காட்டன் துண்டில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். நீங்கள் தைக்கப்போகும் ரூபியா, ஜார்ஜெட், நைட்டித் துணி, பழைய பனியன் ஒன்று, சுடிதார் பேண்ட்டின் கவட்டையில் நாலு மடிப்பு சேருமே அந்த மாதிரி ஒரு துண்டு – இவை போதும். பனியன் துணியைக் குறுக்குவாட்டில் வெட்டித் தைத்துப் பாருங்கள், அதுதான் அதிகம் இழுபடும். தைத்த ஓரத்தை உற்றுப் பாருங்கள். மேல் நூலும் கீழ் நூலும் சரியாகத் துணியின் விளிம்பில் சந்திக்க வேண்டும். மேல் லூப்பர் நூல் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கம் போயிருந்தால் அது தளர்ந்திருக்கிறது, அல்லது கீழ் லூப்பர் இறுகியிருக்கிறது. தையலைப் பிளந்து பார்க்கும்போது ஏணிப்படி மாதிரி நூல் தெரிந்தால் ஊசி டென்ஷன் போதவில்லை. இதையெல்லாம் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம், மெஷினைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நாலு மடிப்பைத் தாண்டும்போது தடுமாறி நின்றாலோ, ஜார்ஜெட்டைக் கடித்து உள்ளே இழுத்தாலோ, திருகை எப்படித் திருப்பியும் சரியாகாவிட்டாலோ, அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

வாங்கிய கையோடு நல்ல கோன் நூலும் வாங்குங்கள். மலிவு நூல் பஞ்சு கொட்டும், மெஷினுக்குள் படியும், அடிக்கடி அறும். ஸ்பன் பாலியெஸ்டர் 120 நம்பர் போதும். நாலு கோனும் துணியின் நிறத்தில் இருக்க வேண்டியதில்லை. வெளியே தெரிய வாய்ப்புள்ளது இடது ஊசி நூல் மட்டும்தான். மற்றதற்கு வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்று நிறமும் நாலு நாலு வைத்துக்கொண்டால் எல்லாத் துணிக்கும் ஒப்பேற்றலாம்.

குண்டூசியை இந்த மெஷினின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கத்தி ஒருமுறை குண்டூசியைக் கடித்தால் பல் விழுந்துவிடும், அதன்பிறகு ஒவ்வொரு தையலிலும் அந்த இடத்தில் துணி கிழிந்த மாதிரி வரும். சேர்த்துப் பிடிக்கக் கிளிப் இருக்கிறது, இல்லாவிட்டால் துணி மாட்டும் சின்ன கிளிப்பே போதும். மேல் கத்தி நீண்ட நாள் உழைக்கும். கீழ் கத்திதான் சீக்கிரம் மழுங்கும். பில் போடும்போதே அந்த மாடலுக்குக் கீழ் கத்தி ஒன்று உபரியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். 'தேவைப்படும்போது வாங்கிக்கலாம்மா' என்று பதில் வந்தால், இப்போது கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் வைத்திருக்கும் வேறு கடையைத் தேடுங்கள்.